கிணத்தடி வகையறா

சித்திரை 5, ஞாயிறு

வில்லியஞ்சாவடியின் நான்கு திசைகளையும் நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களால் ஆண்டு வரும் ஸ்ரீ திரௌபதி சவுண்ட் சர்வீஸ் அதிபர் கோதண்டபாணி என்கிற நான், சாவதற்கு முன் சில விஷயங்களை எழுதி வைக்கிறேன். சாவு என்றைக்கு என்று கேட்டால், வருகிற இருபத்துநாலாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, திரௌபதியம்மன் கோயில் தீக்குழியில். காரணம் யார் என்று கேட்டால், என் வாய்.

உரக்கடைக்காரர் தைப்பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் பச்சையம்மா இதன்மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சட்டியை நகர்த்திவிட்டுச் சரித்திரத்தைத் தொடங்குகிறேன்.

ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் ஒதில் அப்பாவு. வயது முப்பத்தைந்து இருக்கலாம். ரெயூனியன் தீவிலிருந்து வருகிறாள். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரன் கையில் இருக்கிற தீவு. கரும்பு வெட்டுவதற்காக அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்த ஊர். அப்படிப் போன அப்பாவு என்பவரின் வாரிசு இவள். அங்கே பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறாள். தமிழை வகுப்புக்குப் போய்ப் படித்திருக்கிறாள். அதனால் அவள் பேசினால் கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல இருக்கிறது.

“ஐயா, அப்பாவு குடும்பத்தினர் இவ்வூரில் எங்கு வசிக்கின்றனர்?” என்று பக்கத்து ஊர்களில் எல்லாம் கேட்டுவிட்டு, இங்கேயும் வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள்.

சிக்கல் இதுதான். கப்பலில் இறங்கியவனின் சொந்தப் பெயரையே அங்கே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்களாம். அப்பாவு பெற்றதெல்லாம் அப்பாவு, அவர்கள் பெற்றதும் அப்பாவு. இங்கே அது ஒரு ஆளின் பெயர், அவ்வளவுதான். ஆள் போனால் பெயரும் கூடவே போய்விடும். வில்லியஞ்சாவடியில் அப்பாவு என்று ஒருவராவது பிறந்து சாகாத வீடு கிடையாது. அப்பாவு குடும்பம் என்றும் ஒன்று கிடையாது.

போதாக்குறைக்கு, நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறாள் என்று ஊருக்குள் ஒரு பயம். “எங்க வூட்ல அப்பாவுன்னு எவனும் பொறக்கவே இல்ல தாயி” என்று கதவைச் சாத்தியவன் ராஜவேலு. அவன் தாத்தா பெயர் அப்பாவு. அந்தப் பெயர் அவன் வீட்டு வாசல் கல்லிலேயே வெட்டியிருக்கிறது.

நேற்று நான் கோயிலில் திருவிழாவுக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் தர்மகர்த்தா எத்திராஜுலுவிடம் வந்து நின்றாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “தோ பாரும்மா, நீ தேடற குடும்பம் இந்த ஊர்ல இல்ல. வேற ஊரு பாரு” என்றார். அவள் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்தத் தெரியாதவள் மாதிரி.

என் கையில் மைக் இருந்தது. மைக் என் கையில் இருக்கும்போது என்னை அந்தத் திரௌபதியாலும் தடுக்க முடியாது.

“அப்பாவு எங்கள் கொள்ளுத்தாத்தாவின் உடன்பிறந்த தம்பி! கிணத்தடி வகையறா! தீமிதியில் முதல் கால் வைக்கும் வகையறா!”

நான்கு குழாயிலும் போனது. ஏரிக்கரை வரைக்கும் போய், மோதி, திரும்பி வந்தது.

ஒதில் என் காலில் விழுந்தாள். எழுந்து, “பெரியப்பா, நான் தங்கள் பின்னால் தீ மிதிப்பேன். எங்கள் தீவில் பலமுறை மிதித்திருக்கிறேன்” என்றாள்.

எத்திராஜுலு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எமன் முகத்தில்தான் எதிர்பார்த்திருந்தேன். “ரொம்ப சந்தோசம் கோதண்டம். கிணத்தடி வகையறா இந்த வருசம் எறங்குது. வூட்டு ஆம்பள முன்னால எறங்கினாத்தான் பின்னால இந்தம்மாவுக்கு வழி. அதானய்யா மொற?”

அதுதான் முறை. இந்த ஊரில் அவரவர் வகையறாவின் ஆள் முன்னால் இறங்காமல் மற்றவர் குழியில் கால் வைக்க முடியாது. அதை வருஷா வருஷம் மைக்கில் அறிவிப்பவனே நான்தான்.

சித்திரை 7, செவ்வாய்

பச்சையம்மா என்னோடு பேசவில்லை. பாத்திரங்களோடு பேசுகிறாள்.

“உங்க வூட்டு அப்பாவு எந்தக் கப்பல்ல ஏறினாரு? எனக்குத் தெரிஞ்சி அவரு கூட்ரோட்டுல சோடாக் கட வெச்சிருந்தாரு. கோலி சோடா வெடிச்சி வெரல் போச்சி. அந்த வெரலுதான் கப்பலேறிச்சா?” என்று ஈயச்சொம்பிடம் கேட்டாள். நானே எழுந்து சொம்பைக் கழுவி வைத்தேன்.

ஒதில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பெட்டியைத் திறந்து பச்சையம்மாவுக்கு ஒரு பொட்டலம் வனிலாக் காய் எடுத்துக் கொடுத்து, “பெரியம்மா, இது எங்கள் மண்ணில் விளைந்தது” என்றாள். பச்சையம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இந்த வீட்டுக்குள் அவளை யாரும் பெரியம்மா என்று கூப்பிட்டதில்லை. அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் மீன்குழம்பில் வனிலா மணக்கிறது. சாப்பிட்டேன். தீயில் சாகப்போகிறவன் இதற்கெல்லாம் பயப்படலாமா?

தெருவில் பிள்ளைகள் எட்டிப் பார்க்கின்றன. “வெள்ளக்காரின்னாங்க, நம்ம விட கருப்பா கீறாங்க?” என்று ஒன்று கேட்டது. ஒதிலுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

சித்திரை 8, புதன்

டாக்டரிடம் போனேன். சர்க்கரை நோய்க்காரர்களை எத்திராஜுலு குழியில் இறக்குவதில்லை. எனக்கு எண்ணூறுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும் என்ற நம்பிக்கையில், போகும் வழியில் மூன்று ஜிலேபியும் தின்றேன்.

“அய்யா, உங்களுக்கு சுகர் இல்ல. பிரஷர் இல்ல. இந்த வயசுல இப்பிடி ஒரு ஒடம்ப நா பாத்ததில்ல” என்றார் டாக்டர்.

இவ்வளவு மோசமான செய்தியை எந்த டாக்டரும் எந்த நோயாளிக்கும் சொல்லியிருக்க மாட்டார்.

சித்திரை 10, வெள்ளி

கொடியேற்றம். காப்பு கட்டியாகிவிட்டது. மஞ்சள் நனைத்த ஒரே நூலை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியில் மஞ்சள் துண்டு கோத்து என் மணிக்கட்டில் கட்டினார் பூசாரி. மறுபாதி ஒதிலுக்கு. இனி தீமிதி வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கவுச்சி கூடாது, கட்டில் கூடாது. எல்லை தாண்டி ஓடிப்போகலாம் என்று சிதம்பரத்துக்கு பஸ் நேரம் பார்த்து வைத்திருந்தேன். அதுவும் போச்சு.

ஒதில் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா தமிழ் வழி. அம்மாவின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். தீவிலுள்ள தமிழர் கோயிலில் இவள் தீ மிதிக்கலாம், ஆனால் கடைசியில். கரகம் எடுத்து முன்னால் போக விட மாட்டேன் என்கிறார்களாம்.

“‘நீ பாதி. பாதிக்குக் கரகம் இல்லை’ என்று கோயில் தலைவர் கூறினார். ‘உன் ஊர் எது, உன் உறவினர் யாவர், சொல்’ என்றார். என் தந்தை இறக்கும்வரை விடை தேடினார். கிடைக்கவில்லை. இந்தக் காப்புடன், என் உறவினர் பின்னால் தீ மிதித்துத் திரும்பினால் அவர் வாய் மூடும்.”

“மூடலன்னா நா வந்து மூடறேன்” என்றேன்.

“தீவில் வெளியார் என்னைத் தமிழச்சி என்கின்றனர். கோயிலில் ஆப்பிரிக்காக்காரி மகள் என்கின்றனர். இங்கே வெள்ளைக்காரி. நான் கண்ணாடியில் பார்க்கிறேன், பெரியப்பா. அதில் மூவரையும் காணோம்.”

எனக்கு உடனே ஒரு பெரிய பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. கையில் மைக் இல்லை.

சித்திரை 11, சனி

பயிற்சி தொடங்கினேன். உச்சிவெயிலில் மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலோடு நடப்பது. சூரியனே என் வீரத்தைப் பார்த்து மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும் என்று பச்சையம்மாவிடம் அறிவித்துவிட்டு ஏறினேன்.

நாலு எட்டு வைத்திருப்பேன். பிறகு தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு, செருப்பைத் தூக்கிப் போடச் சொல்லிக் கத்தினேன். செருப்போடு பச்சையம்மாவே வந்தாள்.

“தளத்துக்கே இந்த ஆட்டமா? குழி எம்மாம் நீளம்னு தெரியுமில்ல?”

தெரியும். என்னை விட யாருக்குத் தெரியும்?

சித்திரை 13, திங்கள்

எங்கே போனாலும் காலைப் பார்க்கிறார்கள். டீக்கடையில், சலூனில், ரேஷன் கடை வரிசையில். “இன்னா மாமா, இந்த வருசம் மைக்குல யாரு?” என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை. கீழே பார்க்கிறார்கள். ராஜவேலு மட்டும், “ஒங்க தகப்பனாருக்கு அப்பறம் ஒங்க வூட்ல யாரும் எறங்கல இல்ல மாமா?” என்றான். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்தது. தீயில் கொஞ்சம் இப்போதே கழிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

சித்திரை 14, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. பயம்.

சித்திரை 17, வெள்ளி

இன்று உண்மையைச் சொல்லிவிட்டேன். கட்டாயம் எதுவும் இல்லை. பொய் வாய்க்குள் நிற்கவில்லை.

கடையில் ஒதிலும் நானும் சீரியல் பல்பு கோத்துக்கொண்டிருந்தோம். எரியாத பல்பைக் கண்டுபிடிப்பதில் பொல்லாதவளாக இருக்கிறாள்.

“ஒதிலு, ஒண்ணு சொல்றேன். அடிக்கக் கூடாது. எங்க வூட்ல அப்பாவுன்னு யாரும் கப்பலேறல. எங்க அப்பாவு சோடாக் கட வெச்சிருந்தாரு. கப்பலையே பாத்திருக்க மாட்டாரு. நா மைக்குல அளந்து வுட்டது.”

அவள் பல்பைத் திருகிக்கொண்டே, “எனக்குத் தெரியும், பெரியப்பா” என்றாள்.

“இன்னா தெரியும்?”

“அப்பாவு என்பது ஒருவரின் பெயர். குடும்பப் பெயர் அன்று. புதுச்சேரியில் இறங்கிய அன்றே ஒருவர் கூறிவிட்டார். இனி கண்டுபிடிக்க இயலாது என்றும் கூறினார்.”

“அப்பறம் ஏம்மா இந்த வெயில்ல வூடு வூடா அலஞ்ச?”

“யாராவது ஒருவர் ஆம் என்று சொல்வார்களா என்று பார்த்தேன்.” பல்பு எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எல்லோரும் உண்மை கூறினர். கதவைச் சாத்தினர். தாங்கள் பொய் கூறினீர்கள். சோறு போட்டீர்கள்.”

அதைக் கேட்டு உருக வேண்டிய நேரம். எனக்குள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது: அப்படியானால் இறங்க வேண்டியதில்லை! மெதுவாகக் கேட்டும் பார்த்தேன்.

“தாங்கள் இறங்காவிட்டால் எனக்கும் வழி இல்லை. ஆனால் தாங்கள் அஞ்சினால் வேண்டாம். நான் ஊருக்குத் திரும்புகிறேன்.”

“அஞ்சறதா? யாரு, நானா? இந்தக் கோதண்டபாணியா? தீயே என்னப் பாத்து…”

பாதியில் நிறுத்திக்கொண்டேன். அதற்குள் வேலை முடிந்துவிட்டது. இந்த வாயைத் தைப்பதற்கு ஊரில் ஒரு தையல்காரன் இல்லை.

சித்திரை 19, ஞாயிறு

விறகு வந்து இறங்கிவிட்டது. வேம்பும் புளியும். கோயில் மைதானத்தில் குவித்திருக்கிறார்கள். இமயமலையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் தம்பி மாதிரி நிற்கும். தீ என்று சொல்லக் கூடாது, ‘பூ’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது இங்கே வழக்கம். அவர்கள் தீவிலும் அப்படித்தானாம். பேச்செல்லாம் பிரெஞ்சாகிப் போன இடத்தில் அந்த ஒரு சொல் மட்டும் தமிழாகவே நிற்கிறதாம். எனக்குப் பூ என்று சொன்னாலும் சுடுகிறது.

ஒதில் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிற அப்பாவின் படத்தைப் பார்த்து, “இவர் ஏன் ஊன்றுகோலுடன் நிற்கிறார்?” என்று கேட்டாள். பச்சையம்மா என்னைப் பார்த்தாள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். டீசல் ஏற்கெனவே வாங்கியாயிற்று.

சித்திரை 20, திங்கள்

சரி, எழுதிவிடுகிறேன். செத்த பிறகு யாராவது தப்பாகச் சொல்லக் கூடாது.

எனக்கு அப்போது ஏழு வயது. என்னைத் தோளில் உட்கார வைத்துப் பூ மிதிப்பதாக அப்பா வேண்டிக்கொண்டிருந்தார். முதல் கால் எங்கள் வகையறாவுடையது. குழிக்கரைக்குப் போனதும் அனல் முகத்தில் அடித்தது. நான் கதறினேன். என்னை இறக்கி அத்தையின் கையில் கொடுத்துவிட்டு அவர் மட்டும் இறங்கினார். நேராகத்தான் போனார். பாதிக் குழியில் திரும்பிப் பார்த்தார். கால் சறுக்கியது.

நான்கு பேர் குதித்துத் தூக்கினார்கள். அதற்கப்புறம் அவர் செருப்பே போட்டதில்லை. போட முடியாது.

விரதத்தில் மீன் தின்றிருப்பான் என்று ஊர் சொன்னது. இன்றைக்கும் ஒரு சிலர் எங்களை விரதம் கெட்ட வகையறா என்பார்கள். அப்பா எதையும் மறுக்கவில்லை. ஏன் திரும்பினாய் என்று கேட்டவர்களிடம், “யாரோ கூப்புட்ட மாதிரி இருந்துச்சி” என்று மட்டும் சொல்வார். யார் என்று சாகும்வரை சொல்லவில்லை.

யார் வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். அன்றைக்கு மைதானத்தில் அவ்வளவு கூட்டம், அவ்வளவு சத்தம்.

மைக் வைத்திருப்பவன் குழியிலிருந்து தள்ளி, மேடையில் உட்கார வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு இயல்பாகவே குரல் வளம். ஒவ்வொரு வருஷமும் வரிசை படிக்கும்போது, முதலில் ‘கிணத்தடி வகையறா’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று பார்க்காமலேயே அடுத்த பெயருக்குத் தாவிவிடுவேன். அதுவும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான்.

சித்திரை 22, புதன்

மைதானத்தில் களிமண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துச் செய்கிறார்கள். எட்டு ஆள் நீளம். பெருவிழி விழித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கிடக்கிறான். எனக்குத் துணை அவன் ஒருவன்தான். அவனுக்கும் வெள்ளிக்கிழமைதான் பீமன் கையில் சாவு.

எத்திராஜுலு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, “மைக்குக்கு வெளியூர் ஆள் சொல்லட்டுமா?” என்றார். அதற்கு நான் வாய் திறக்குமுன் வீட்டுக்குள்ளிருந்து பச்சையம்மாவின் குரல் வந்தது.

“எதுக்கு வெளியூர் ஆளு? நா படிக்கறேன்.”

எத்திராஜுலுவின் மீசை ஒரு பக்கம் இறங்கியது. “நீயாம்மா? பொம்பள மைக்குல…”

“முப்பத்தாறு வருசமா இந்த மனுசன் தூக்கத்துலகூட வரிச படிக்கறாரு. எனக்குத் தலகீழாத் தெரியும். மைக்செட்டு எங்களுது. வேணாம்னா சொல்லுங்க, ஒயர உருவிக்கிறோம்.”

ஒதில் கைதட்டினாள். அவருக்கு வேறு வழியில்லை.

சித்திரை 24, வெள்ளி, காலை

எழுதக் கை வரவில்லை. பச்சையம்மாவுக்கு: ஆம்ப்ளிஃபயர் சூடானால் ஃபேனைத் திருப்பி வை. நான் திரும்பாவிட்டால் கடையை ஒதிலிடம் கொடு.

சித்திரை 25, சனி

நடந்தது நடந்தபடி.

குளத்தில் முழுகி மஞ்சள் துணி கட்டிக்கொண்டோம். மைதானத்துக்கு வரும்போதே விறகெல்லாம் எரிந்து தணல் ஆகியிருந்தது. நீள மூங்கில்களால் அதைத் தட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். குழியின் மறு முனையில் கால் நனைக்கிற பால்குழி. அது எனக்குத் தெரியவே இல்லை. நடுவில் காற்று ஆடிக்கொண்டிருந்தது.

எத்திராஜுலு பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, ஆனால் நிஜமாகவே கரிசனத்தோடு சொன்னார். “கோதண்டம், இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. ஒங்க அப்பன் வுழுந்தப்ப தூக்கனவன்ல எங்க அப்பனும் ஒருத்தன். போயி மைக்குல ஒக்காரு. ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

என் கால்கள் மேடைப் பக்கம் திரும்பிவிட்டன. இதை மறைத்து என்ன பயன்? திரும்பியது மட்டும் இல்லை, ஒரு எட்டு வைத்தும்விட்டேன். ஒதில் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். கோயிலில் அன்றைக்கு ஆட்டினாளே, அதே மாதிரி, நிறுத்தத் தெரியாமல்.

அப்போது குழாய்கள் கரகரத்தன. பச்சையம்மாவின் குரல் வந்தது.

“மொதக் காலு, கிணத்தடி வகையறா.” ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். அடுத்த பெயருக்குத் தாவவில்லை. “கிணத்தடி வகையறா, கோதண்டபாணி. அவரு கொள்ளுத்தாத்தாவோட தம்பி அப்பாவு. அப்பாவு கப்பலேறிப் போனவரு. அவரு வம்சத்துப் பேத்தி ஒதிலு, திரும்பி வந்துருக்குது. வழி வுடுங்க.”

அவளுக்கு எல்லாம் தெரியும். சோடாக் கடையும் தெரியும். தெரிந்தே நான்கு குழாயிலும் சொன்னாள்.

வழி விட்டார்கள். ராஜவேலுவும் நகர்ந்து நின்றான்.

இறங்கினேன். சுட்டது. இல்லை என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். மூன்றாவது நாலாவது எட்டில் சூடு தெரியவில்லை, பயம் மட்டும் தெரிந்தது. கரையில் ஏதோ ஒரு பிள்ளை அழுதது. எந்தப் பிள்ளையோ. அப்பா என்று அழுதது. என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

“திரும்பாதீர்கள், பெரியப்பா. நான் பின்னால் இருக்கிறேன்.”

திரும்பவில்லை. அந்த இடம் வந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். தாண்டினேன்.

பால்குழியில் கால் வைத்தபோது பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால் வந்து நின்றது. கருப்பான, அகலமான, வேலை செய்து காய்த்த கால்கள். இரண்டு பேரும் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள்தான் முதலில் அழுதாள் என்று நான் ஊரில் சொல்லியிருக்கிறேன்.

இடது பாதத்தில் ஒரு கொப்புளம். கடலை அளவு.

சித்திரை 27, திங்கள்

பச்சையம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: தணல் பனைமர உயரத்துக்கு எழுந்ததாம், நான் அதற்குள் சிங்கம் மாதிரி நடந்தேனாம். ஒதில் ஆமோதித்துக்கொண்டு கூடவே போகிறாள். நான் எவ்வளவு மறுத்தும் யாரும் கேட்கவில்லை.

இரண்டு பாதி நூலையும் அவிழ்த்தாகிவிட்டது. என்னுடைய பாதியையும் அவள் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். நாளை விமானம்.

ஆடி 9, ஞாயிறு

இன்று அவர்கள் தீவில் தீமிதி. கைபேசியில் வீடியோ அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் கைபேசியைப் பிடித்திருந்தவர் ஒதிலின் அம்மா. வெள்ளைச் சுருட்டை முடி, பெரிய சிரிப்பு. எங்களுக்கு அவர் பேச்சு புரியவில்லை, அவருக்கு எங்கள் பேச்சு. பச்சையம்மாவும் அவரும் கால்மணி நேரம் பேசினார்கள்.

பிறகு அவர் கைபேசியைக் குழிப்பக்கம் திருப்பினார். கரும்புக்காடு, அதற்குப் பின்னால் மலை, நடுவில் நம் குழி மாதிரியே ஒரு குழி. மைக்கில் யாரோ கர்ரபுர்ரென்று பிரெஞ்சில் வரிசை படித்தான். நடுவில், “கினத்தாதி வகையரா” என்றான். பச்சையம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாருக்கும் முன்னால் ஒதில் வந்தாள். தலையில் கரகம். மணிக்கட்டில் மஞ்சள் நூல் இரட்டையாகச் சுற்றியிருந்தது.

மறுபடியும் அந்தப் பயம் வந்தது. என் காலுக்குப் பயந்ததைவிடப் பெரிது. ஏழு வயதில் வந்ததே, அதே அளவு. அன்றைக்குக் குழிக்கரையில் ‘அப்பா’ வந்த மாதிரி, அவள் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் இறங்கினாள். பாதிக் குழி வந்தது.

நான் கூப்பிடவில்லை.

அவள் திரும்பவில்லை.